பாட்டு யார் எழுதினது மச்சி?

டிஸ்கி: எனக்கு சங்கீதம் தெரியாது. யாப்பு, பிளஸ் டூ தமிழ் பரீட்சைக்கு முதல் நாள் ராத்திரி படித்ததோடு சரி. அதனால் இதைப் படித்துவிட்டு "உனக்கு என்ன தகுதி இருக்கு?" என்று கேட்காதீர்கள். இல்லை. ஆனால் கேட்க ரெண்டு காது இருக்கிறது, அது போதும் என்று நினைக்கிறேன் :-)

சரி, மேட்டருக்கு வருவோம்.

போன சனிக்கிழமை ராத்திரி எங்கள் ஹாஸ்டல் மொட்டை மாடியில் ஒரு பட்டிமன்றம். கரண்ட் கட், கொசு, ஒரு போர்ட்டபிள் ஸ்பீக்கர், ஏழெட்டுப் பேர். நடுவர் கிடையாது என்பதால் தீர்ப்பும் கிடையாது. தலைப்பு: இன்றைக்கு உயிரோடு இருக்கும் தமிழ்ப் பாடலாசிரியர்களில் யார் பெரிய ஆள்?

மதுரைக்காரன் முந்திக்கொண்டு "நா.முத்துக்குமார்" என்றான்.

"டேய், உயிரோட இருக்கணும்டா" என்றேன்.

அவன் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம் "தெரியும். ஆனா வேற பேரு வரமாட்டேங்குது" என்றான்.

அங்கேதான் எனக்கு உறைத்தது. நா.முத்துக்குமார் 2016 ஆகஸ்ட் 14 அன்று இறந்தார். வயது 41. தங்க மீன்களுக்கும் சைவத்துக்கும் அடுத்தடுத்து ரெண்டு தேசிய விருது வாங்கியிருந்தார். அவர் இருந்த காலத்தில் நம்மில் எத்தனை பேருக்கு அந்தப் பெயர் தெரியும்? 7ஜி ரெயின்போ காலனி (2004) பாட்டெல்லாம் அவர் எழுதியது. ஆனால் அதை யுவன் பாட்டு என்றுதான் நாம் எல்லோரும் சொல்வோம். என் அக்காவும் அப்படித்தான் சொல்வாள். இறந்த அன்றைக்குத்தான் ஊரே சேர்ந்து "அட, இதுவும் இவர் எழுதினதா?" என்று ஆச்சரியப்பட்டது. இறந்த பிறகு பெரிய கவிஞன் என்று சொல்வதற்குத் தைரியமே தேவையில்லை. அதனால்தான் 'உயிரோடு இருப்பவர்' என்ற கண்டிஷன் எனக்குப் பிடித்திருக்கிறது. பாராட்டினால் அவர் காதில் விழும்.

பட்டிமன்றம் தொடர்ந்தது. அடுத்த பெயர், எதிர்பார்த்தபடியே, வைரமுத்து.

மறுக்க முடியாத கணக்கு அவருடையது. 1980-இல் நிழல்கள் படத்தில் முதல் பாட்டு. முதல் மரியாதையில் தொடங்கி தர்மதுரை வரை ஏழு தேசிய விருது. இந்தியாவில் வேறு எந்தப் பாடலாசிரியருக்கும் அத்தனை கிடையாது. 1986-க்குப் பிறகு இளையராஜாவோடு சேர்ந்து வேலை செய்யவில்லை. வேறு யாராக இருந்தாலும் அதோடு கதை முடிந்திருக்கும். 1992-இல் ரோஜா வந்தது, மனுஷர் ரெண்டாவது இன்னிங்ஸ் ஆட ஆரம்பித்துவிட்டார்.

ஆனால் அந்தப் பெயர் வந்ததும் எதிர்ப்பும் வந்தது. 2018-இல் பாடகி சின்மயியும் இன்னும் சிலரும் அவர் மீது பாலியல் புகார் சொன்னார்கள், அவர் மறுத்தார். 2021-இல் ஓ.என்.வி. விருது அவருக்கு அறிவிக்கப்பட்டு, எதிர்ப்பு கிளம்பி, கடைசியில் அவரே வேண்டாம் என்று சொல்லிவிட்டார். "எனக்கு அந்தப் பாட்டெல்லாம் பிடிக்கும், ஆனா இந்தப் பட்டத்தை நான் குடுக்க மாட்டேன்" என்றான் ஒருத்தன். "பாட்டை மட்டும் பாருடா" என்றான் இன்னொருத்தன். இது அரை மணி நேரம் ஓடியது. யாரும் யாரையும் மாற்றவில்லை. நான் முதல் ஆள் பக்கம்.

அந்த விஷயத்தைத் தள்ளி வைத்தாலும் என் ஓட்டு அவருக்கு விழாது. காரணம் சொல்கிறேன். நாம் பாட்டு வரியை எடை போடும் முறையே தப்பு என்பது என் கட்சி. மொட்டை மாடியில் எல்லோரும் என்ன செய்தார்கள்? மனப்பாடமாக இருந்த ஒரு உவமையை எடுத்து விட்டார்கள். "எப்படிடா யோசிச்சான்!" என்றார்கள். அந்த வரியைத் தனியாக வெட்டி ஸ்டேட்டஸில் போடலாம், ஆட்டோவுக்குப் பின்னால் எழுதலாம். அந்தப் போட்டி வைத்தால் வைரமுத்து ஜெயிப்பார், சந்தேகமே இல்லை. ஆனால் அது கவிதைப் போட்டி. பாட்டு எழுதுவது வேறு வேலை.

பெரும்பாலும் மெட்டுதான் முதலில் வரும். இசையமைப்பாளர் தத்தகாரத்தில் பாடிக் காட்டுவார், இல்லை ரெகார்ட் பண்ணி அனுப்புவார். அதற்குள் வார்த்தையை உட்கார வைக்க வேண்டும். மெட்டில் 'தனனா' என்று இருந்தால் அங்கே 'நிலவே' உட்காரும், 'மேகம்' உட்காராது. (தமிழ் சினிமாவில் ஏன் இத்தனை நிலவு என்று இப்போது புரிகிறதா? ;-)) பாடுகிறவர் ஒரு இடத்தில் நீட்டி நிற்க வேண்டும் என்றால் அங்கே நெடில் வேண்டும். 'ஆ'வில் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நிற்கலாம். 'ட்'டில் நிற்க முடியுமா? மெல்லிய மெட்டில் றகரமும் டகரமும் வரிசையாக வந்தால் தகர டப்பாவை உருட்டிய மாதிரி இருக்கும். இதற்கு மேல் கதைக்குப் பொருந்த வேண்டும், பாடுகிற பாத்திரம் பேசுகிற மாதிரி இருக்க வேண்டும், டைரக்டருக்குப் பிடிக்க வேண்டும். இவ்வளவும் செய்துவிட்டு, கேட்கிறவனுக்கு அந்தக் கஷ்டம் தெரியவே கூடாது. வார்த்தையும் மெட்டும் ஒரே நேரத்தில் பிறந்த மாதிரி இருக்க வேண்டும்.

அதாவது, நல்ல பாட்டு எழுதுகிறவர் தன்னை மறைத்துக்கொள்கிறார். மறைந்து போனவரை நாம் மறந்தும் போகிறோம். கொடுமை என்னவென்றால், எவ்வளவு நன்றாகச் செய்கிறாரோ அவ்வளவு சீக்கிரம் மறக்கிறோம்.

உதாரணம் வேண்டுமா? என் தாத்தா. எம்.ஜி.ஆர். பக்தர். இலங்கை வானொலி கேட்டு வளர்ந்த ஆள். படகோட்டி (1964) பாட்டெல்லாம் கண்ணதாசன் எழுதியது என்று சத்தியம் பண்ணுவார். அத்தனையும் வாலி. தாத்தா மட்டுமில்லை, அந்தத் தலைமுறையில் பாதிப் பேர் நல்ல பாட்டு என்றால் கண்ணதாசன் கணக்கில் வரவு வைத்துவிடுவார்கள். அதே வாலி, 42 வருஷம் கழித்து, 74 வயதில், சில்லுனு ஒரு காதலில் 'முன்பே வா' எழுதினார். அதைக் காதலிக்கு அனுப்பிய எந்தப் பையனுக்காவது ஒரு தாத்தா எழுதியது என்று தெரியுமா? எங்கள் ரூமில் யாருக்கும் தெரியாது. நான் சொன்னதும் "பொய் சொல்லாதடா" என்றார்கள். தேடிக் காட்ட வேண்டியிருந்தது.

தேடுவதும் லேசில்லை. கேசட் காலத்தில் அட்டைக்கு உள்பக்கம் பாட்டுக்குப் பாட்டு எழுதியவர் பெயர் இருக்கும். வீட்டில் அப்பாவுடைய பழைய கேசட்டுகளில் பார்த்திருக்கிறேன். இப்போது போனில் பாட்டைப் போட்டால் இசையமைப்பாளர், பாடகர், படம், ஹீரோ போட்டோ எல்லாம் கண் முன்னால் நிற்கும். எழுதியவர் பெயருக்கு மூன்று புள்ளியைத் தொட்டு, உள்ளே போய், இன்னும் கீழே போய்ப் பார்க்க வேண்டும். அங்கேயும் சில நேரம் இருக்காது.

இதை விடப் பெரிய கூத்து 2017-இல் நடந்தது. 'மறுவார்த்தை' பாட்டு வெளியானபோது இசையமைப்பாளர் யார் என்று சொல்லாமல் 'மிஸ்டர் எக்ஸ்' என்று போட்டார்கள். தமிழ்நாடே மண்டையைப் பிய்த்துக்கொண்டது. ரகுமானா, ஹாரிஸா, யுவனா என்று மாதக்கணக்கில் ஆராய்ச்சி. கடைசியில் தர்புகா சிவா என்று தெரிந்தது. நல்ல விளையாட்டுதான், நானும் ரசித்தேன். ஆனால் எழுதியவர் பெயரை மறைத்து இப்படி ஒரு விளையாட்டு நடத்த முடியுமா? யாராவது கவனிப்பார்களா? அந்தப் பாட்டை எழுதியவர் தாமரை. அவர் பெயர் வெட்ட வெளிச்சமாகவே இருந்தது. அதைப் பற்றி யாரும் பேசவில்லை.

இப்போது என் ஓட்டைச் சொல்லிவிடுகிறேன். தாமரை.

மொட்டை மாடியில் இதைச் சொன்னதும் மூன்று பேர் சிரித்தார்கள். "கௌதம் மேனன் படத்துக்கு மட்டும் எழுதுவாங்களே, அவங்களா?" என்றான் மதுரைக்காரன். அவனுக்காகத்தான் இந்தக் கட்டுரையே எழுதுகிறேன்.

2001-இல் மின்னலே. ஹாரிஸுக்கு முதல் படம். அதில் பாம்பே ஜெயஸ்ரீ பாடிய 'வசீகரா'. அதற்கு முன்பும் தமிழ் சினிமாவில் பெண் ஆசையைச் சொல்லும் பாட்டு எக்கச்சக்கம். ஆனால் பெரும்பாலும் ஆண்கள் எழுதியது. ஒரு பெண் எப்படி ஆசைப்பட வேண்டும் என்று ஆண் ஆசைப்படுகிறானோ, அப்படித்தான் அவள் ஆசைப்படுவாள். இந்தப் பாட்டில் வருவது வேறு. மழை, குளிர், போர்வை என்று வீட்டுக்குள் இருக்கிற சின்னச் சின்ன விஷயங்கள். வெட்கம் என்ற நடிப்பே இல்லை. அதே நேரம் ஒரு இடத்தில்கூட கொச்சை இல்லை. ஒரு வரியை வெட்டி எடுத்து "என்ன உவமை பார்" என்று காட்ட முடியாது. ஆனால் மெட்டை விட்டு அந்த வார்த்தைகளைப் பிரித்துப் பாருங்கள், முடியாது. எனக்கு வேண்டியது அதுதான்.

ஆங்கிலம் கலக்க மாட்டேன், இரட்டை அர்த்தம் எழுத மாட்டேன் என்று சொல்லிவிட்டு, அதையும் வைத்துக்கொண்டு இத்தனை வருஷம் இந்த ஃபீல்டில் நிற்பது சாதாரண விஷயமா? எவ்வளவு வாய்ப்பு போயிருக்கும் என்று யோசியுங்கள். (அவரும் கோவையில் இன்ஜினியரிங் படித்தவர் என்பது நம்மைப் போன்ற அரியர் கோஷ்டிக்கு ஒரு ஆறுதல்.) விண்ணைத்தாண்டி வருவாயாவில் ரகுமான் மெட்டுக்குள் திருக்குறளைக் கொண்டுபோய் உட்கார வைத்தார். குறளும் உடையவில்லை, மெட்டும் உடையவில்லை.

"எல்லாம் காதல் பாட்டு" என்றான் மதுரைக்காரன். வாரணம் ஆயிரத்தில் ஹீரோ தெருவில் ஆடும் 'அவ என்ன' யார் எழுதியது? தாமரை. விஸ்வாசம் (2019) படத்தில் அப்பா மகளுக்காகப் பாடும் 'கண்ணான கண்ணே'? அதுவும் தாமரை. கௌதம் மேனன் படமில்லை, அஜித் படம். ஊர் ஊராகக் கல்யாண மண்டபத்தில் அப்பாக்கள் அழுதுகொண்டே நின்ற பாட்டு. அந்தப் படத்தின் பாட்டுகளுக்காக டி.இமானுக்கு தேசிய விருது கிடைத்தது, சந்தோஷம். தாமரைக்கு அந்த வருஷமும் இல்லை.

இவ்வளவு சொன்ன பிறகும் மதுரைக்காரன் மசியவில்லை. "அப்போ யுகபாரதி?" என்றான். இது நியாயமான கேள்வி, நான் கொஞ்சம் ஆடிப்போனேன். திருடா திருடியின் 'மன்மத ராசா'வை (2003) எழுதியவரும், மைனா (2010), கும்கி (2012) பாட்டுகளை எழுதியவரும் ஒரே ஆள் என்பதை நம்புவதே கஷ்டம். நான் மேலே சொன்ன 'மறைந்துகொள்ளும்' கலையில் அவர் தாமரையை விடக் கில்லாடி. தாமரை பாட்டை நாலு வரியில் கண்டுபிடித்துவிடலாம். யுகபாரதியைக் கண்டுபிடிக்க முடியாது. என் அளவுகோல்படியே பார்த்தால் அவருக்குத்தான் ஓட்டுப் போட வேண்டும் என்று ஒருத்தன் மடக்கினான். பதில் சொல்லத் தெரியவில்லை. ஆனாலும் என் ஓட்டு தாமரைக்குத்தான். ஒரு குரலை, அதுவரை இல்லாத ஒரு குரலை, கொண்டுவந்தது பெரிசு என்று படுகிறது. அளவுகோல் கொஞ்சம் வளைகிறது, ஒத்துக்கொள்கிறேன்.

மதன் கார்க்கி, விவேக், உமாதேவி, கார்த்திக் நேத்தா பெயரெல்லாம் வந்தது. கார்த்திக் நேத்தாவின் 96 பாட்டுகளுக்காக ஒருத்தன் சண்டைக்கே வந்தான். எல்லோரையும் பற்றி எழுதினால் செமஸ்டர் முடிந்துவிடும்.

ஆனால் யாருமே சொல்லாத ஒரு பெயரைச் சொல்லியே ஆக வேண்டும். கங்கை அமரன். நமக்கு அவர் கரகாட்டக்காரன் டைரக்டர், வெங்கட் பிரபு அப்பா, டிவியில் ஜாலியாகப் பேசும் பெரியவர். 1977-இல் பதினாறு வயதினிலே படத்தில் எஸ்.ஜானகிக்குத் தேசிய விருது வாங்கித் தந்த 'செந்தூரப் பூவே' அவர் எழுதியது. நிழல்களில் வைரமுத்துவின் முதல் பாட்டைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள். அதே படத்தின் 'பூங்கதவே' கங்கை அமரன். மூடுபனியின் 'என் இனிய பொன் நிலாவே' கங்கை அமரன். இதையெல்லாம் நாம் 'ராஜா பாட்டு' என்று சொல்லி முடித்துவிடுகிறோம். தம்பியாகப் பிறந்ததற்குக் கொடுத்த விலை!

இதில் ஒரு வேடிக்கை உண்டு. 2024 ஏப்ரலில் இளையராஜா பாட்டுகளின் உரிமை பற்றிய வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்தில் நடந்தபோது, பாடலாசிரியரும் உரிமை கேட்டு வந்தால் என்ன ஆகும் என்று நீதிபதிகள் கேட்டார்கள். வரி இல்லாமல் பாட்டு ஏது என்பதுதான் கேள்வி. அதே சமயத்தில் ஒரு மேடையில் வைரமுத்து இசையா மொழியா என்று பேச, அண்ணனுக்காகக் கோபப்பட்டு வீடியோ போட்டவர் கங்கை அமரன். பாட்டு எழுதுகிறவர்களுக்காக யாராவது பேசினால் அதிகம் லாபமடைய வேண்டியவர் அவர்தான்! அண்ணன் தம்பி பாசத்துக்கு முன்னால் காப்பிரைட்டாவது ஒன்றாவது.

சட்டம் என்னவோ கொஞ்சம் மாறித்தான் இருக்கிறது. 2012-இல் காப்புரிமைச் சட்டத்தைத் திருத்தினார்கள். அப்போது ராஜ்யசபா உறுப்பினராக இருந்த இந்திப் பாடலாசிரியர் ஜாவேத் அக்தர் அதற்காக நிறையப் போராடினார். தியேட்டருக்கு வெளியே, ரேடியோவோ டிவியோ போனோ, எங்கே பாட்டு ஒலித்தாலும் வரும் ராயல்டியில், உரிமையை வாங்கிய கம்பெனிக்குச் சமமான பங்கு எழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் உண்டு. ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கி அதைப் பிடுங்கிக்கொள்ளவும் முடியாது. காகிதத்தில் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பெயரே சொல்லப்படாத ஆளுக்குப் பங்கு எப்படிப் போய்ச் சேரும்?

பெயர் சொல்வது சும்மா மரியாதைக்கு மட்டும் இல்லை என்பதற்கு 2021 ஒரு சாட்சி. 'எஞ்சாய் எஞ்சாமி'யை எழுதியவர் அறிவு. பாடியும் இருக்கிறார். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் கூலி வேலை பார்த்த தன் முன்னோர் கதையை, பாட்டி வள்ளியம்மாளிடம் கேட்டதை, பாட்டாக்கியவர். உலகமே அதைக் கேட்டது. அந்த ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா பத்திரிகை அட்டையில் தீயும் ஷான் வின்சென்ட் டி பாலும் இருந்தார்கள், அறிவு இல்லை. பா.ரஞ்சித் கேள்வி கேட்டார், சண்டை பெரிசானது, அப்புறம் அறிவுக்குத் தனியாக டிஜிட்டல் அட்டை ஒன்று வந்தது. சொந்தப் பாட்டி கதைக்கே இந்தக் கதி!

பட்டிமன்றம் ராத்திரி ரெண்டு மணிக்குக் கரண்ட் வந்ததும் கலைந்தது. ஆளாளுக்கு போனை சார்ஜ் போட ஓடினார்கள். ஓட்டு எண்ணவே இல்லை. ஆனால் அன்றைக்கு ஒரு ரூல் போட்டோம்: எங்கள் ரூமில் ஸ்பீக்கரில் பாட்டுப் போடுகிறவன் முதலில் எழுதியவர் பெயரைச் சொல்ல வேண்டும். தெரியாவிட்டால் டீ வாங்கித் தர வேண்டும். இந்த ஆறு நாளில் நான் மட்டும் ஒன்பது டீ வாங்கித் தந்திருக்கிறேன். மதுரைக்காரன் உஷார், நா.முத்துக்குமார் பாட்டாகவே போடுகிறான்.

நேற்று தாத்தாவுக்கு போன் பண்ணி படகோட்டி விஷயத்தைச் சொன்னேன். ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, "வாலியா? இருக்காதுப்பா, நீ யாருகிட்டயாவது சரியாக் கேளு" என்று வைத்துவிட்டார்.